தெற்கே இறங்கிய ஆந்தைகள்: வட மினசோட்டா பயணக் குறிப்புகள்

வியாழன் இரவு, துலூத்

மினியாபொலிஸிலிருந்து வடக்கே 250 கிலோமீட்டர் வண்டியோட்டி, சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் உள்ள துலூத் நகருக்கு இருட்டும் வேளையில் நானும் நண்பரும் வந்து சேர்ந்தோம். கனடாக் காடுகளிலிருந்து ஆந்தைகள் இந்தக் குளிர்காலத்தில் பெருமளவில் இறங்கியிருக்கின்றன என்ற செய்தி டிசம்பர் கடைசியிலேயே கிடைத்துவிட்டாலும், பிப்ரவரியில்தான் இருவருக்கும் ஒருசேர விடுப்பு வாய்த்தது. பெரிய சாம்பல் ஆந்தை, வல்லூறு ஆந்தை, போரியல் ஆந்தை, பனி ஆந்தை ஆகிய நான்கையும் அவை இரை தேடும் இடங்களிலேயே பார்க்க வேண்டும் என்பதும், அவை ஏன் வந்திருக்கின்றன என்பதைக் களத்தில் நின்று புரிந்துகொள்ள வேண்டும் என்பதும் எங்கள் நோக்கம். அன்றன்று கண்டதை அன்றன்று இரவே எழுதிவிடுகிறேன்.

இது ஆண்டுதோறும் பருவம் தவறாமல் நிகழும் வலசை அன்று. பனி ஆந்தை நீங்கலாக, ஒன்டாரியோ, மானிட்டோபா மாகாணங்களின் ஊசியிலைக் காடுகளில் வாழும் இந்த ஆந்தைகள் பெரும்பாலான ஆண்டுகளில் குளிர்காலத்தையும் அங்கேயே கழித்துவிடுகின்றன. வோல் எனப்படும் குட்டைவால் எலிகளே அவற்றின் முதன்மையான உணவு. வோல்களின் தொகை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகுவதும் பின்பு சட்டென்று சரிவதுமாக இருக்கிறது. பெருகிய ஆண்டில் ஆந்தைகள் நிறையக் குஞ்சு பொரித்து வளர்த்துவிடுகின்றன. அடுத்து வரும் சரிவில் அத்தனை வாய்க்கும் இரை போதாமல் போகவே, இருப்பிடத்தை விட்டு வேறு வேட்டைக்களம் தேடிக் கிளம்புகின்றன. எனவே சாலையோரத்து மரங்களில் வரிசையாக ஆந்தைகளைப் பார்க்கும் ஒருவர், இவை இங்கே செழித்திருக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. வடக்கில் ஏற்பட்ட பஞ்சமே அவர் கண்முன் உட்கார்ந்திருக்கிறது.

அவை ஏன் குறிப்பாகத் துலூத்தை நோக்கி வருகின்றன என்பதற்கு நிலப்படத்தைப் பார்த்தாலே விடை தெரியும். தெற்கு நோக்கி வரும் பறவைகளுக்குக் குறுக்கே சுப்பீரியர் ஏரி கிடக்கிறது. அவ்வளவு அகன்ற நீர்ப்பரப்பைக் கடக்க விரும்பாத பறவைகள் ஏரியின் வடகரையைப் பற்றிக்கொண்டு தென்மேற்காகப் பறந்து, ஏரி முடியும் இந்த மூலையில் குவிகின்றன. நகருக்கு மேலே உள்ள ஹாக் ரிட்ஜ் முகட்டில் 1972 முதல் இலையுதிர்காலந்தோறும் இரைக்கொல்லிப் பறவைகளைக் கணக்கெடுத்து வருவதற்கும் இதே நிலவமைப்புதான் காரணம்.

இங்குள்ளவர்கள் எந்தப் பெருவரவையும் 2004-05 குளிர்காலத்தோடு ஒப்பிட்டே பேசுகிறார்கள். அந்த ஒரு பருவத்தில் மினசோட்டாவில் மட்டும் 5,000க்கும் மேற்பட்ட பெரிய சாம்பல் ஆந்தைகள் பதிவாயின. அவற்றோடு நூற்றுக்கணக்கான வல்லூறு ஆந்தைகளும் போரியல் ஆந்தைகளும் வந்தன. அதற்குப் பின் 20 ஆண்டுகள் கழித்து வந்திருக்கும் இந்த வரவு அவ்வளவு பெரியதன்று என்றாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் இதற்கு இணையாக ஒன்றைக் கண்டதில்லை என்று விடுதியில் சந்தித்த உள்ளூர்ப் பறவை ஆர்வலர் ஒருவர் சொன்னார்.

வெள்ளி, சாக்ஸ்-ஸிம் சதுப்பு

விடியலுக்கு முன்பே கிளம்பி, துலூத்துக்கு வடமேற்கே ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள சாக்ஸ்-ஸிம் சதுப்பை அடைந்தபோது வண்டியின் வெப்பமானி -27 டிகிரி செல்சியஸ் காட்டியது. சாக்ஸ், ஸிம் என்பவை பழைய ரயில் பாதையோரக் குடியிருப்புகளின் பெயர்கள். ஏறத்தாழ 300 சதுர மைல் பரப்பில் கருப்பு ஸ்புரூஸ் மரங்களும், குளிர்காலத்தில் ஊசியிலைகளை உதிர்த்துவிடும் டேமரேக் மரங்களும், ஸ்பாக்னம் பாசி மண்டிய ஈரநிலமும், இடையிடையே வைக்கோல் புல்வெளிகளும் கலந்து கிடக்கின்றன. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சதுப்பை வடித்து விளைநிலமாக்க எண்ணிப் பல மைல் நீளத்துக்குக் கால்வாய்களை வெட்டினார்கள். பெரும்பகுதி வடியாமல் சதுப்பாகவே நின்றுவிட்டது. ஆனால் அந்தக் கால்வாய்க் கரைகளும் சாலையோரப் பள்ளங்களும் உயரமான புல் வளரும் இடங்களாகி, இன்று வோல்களின் உறைவிடமாக இருக்கின்றன. ஆந்தைகள் சாலையோரத்துக்கு வருவதன் காரணம் இதுவே. காட்டின் உட்பகுதியைக் காட்டிலும் பள்ளத்துப் புல்லில் எலி மிகுதி. அதன் மேலே உட்கார்ந்து கேட்பதற்குக் கம்பங்களும் ஓர மரங்களும் தயாராக இருக்கின்றன. ஆகவே நாங்கள் மரங்களை ஒவ்வொன்றாக ஆராய்வதை விட்டுவிட்டு, பனிக்கு மேலே காய்ந்த புல்நுனி தெரியும் இடங்களை முதலில் தேடினோம். புல் இருக்கும் இடத்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்து, அதைப் பார்த்தபடி நிற்கும் மரங்களை மட்டும் கவனித்தோம்.

அட்மிரல் சாலையில் ஒன்றும் தென்படவில்லை. மக்டேவிட் சாலையின் ஒரு வளைவைத் தாண்டியதும், பட்டுப்போன டேமரேக் ஒன்றின் பாதி உயரத்தில் முதல் பெரிய சாம்பல் ஆந்தை உட்கார்ந்திருந்தது. வட அமெரிக்காவின் மிக நீளமான ஆந்தை இதுதான். சிறகு விரிப்பு ஒன்றரை மீட்டரை நெருங்கும். ஆயினும் அதன் எடை ஒரு கிலோவைச் சுற்றியே இருக்கிறது. இதே காட்டில் வாழும், இதைவிடக் குட்டையான கொம்பு ஆந்தை எடையில் இதை மிஞ்சிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் அந்தப் பேருருவத்தில் பெரும்பகுதி குளிர்தாங்கும் இறகுகளே. தாடைக்குக் கீழே வெள்ளைப் பட்டை இரண்டு பக்கமும் விரிந்திருக்க, வளையம் வளையமாகச் சாம்பல் கோடுகள் சூழ்ந்த முகத்தின் நடுவில் இரண்டு சிறிய மஞ்சள் கண்கள் தெரிந்தன. எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு மீண்டும் பள்ளத்தை நோக்கித் தலையைத் திருப்பிக்கொண்டது.

வண்டியின் எஞ்சினை உடனே அணைத்தோம். இந்தக் குளிரில் அது எளிதான காரியமன்று. பத்து நிமிடத்தில் கண்ணாடியின் உட்புறம் எங்கள் மூச்சே உறைந்து படிந்துவிட்டது. ஆனால் அந்த ஆந்தை காதால் வேட்டையாடிக்கொண்டிருக்கும்போது அதன் அருகே ஓர் எஞ்சினை உறும விடுவது, உண்ணும் தட்டைக் கையிலிருந்து பிடுங்குவதற்குச் சமம் என்பது என் உறுதியான எண்ணம். இதன் முகவட்டம் இரைக்கொல்லிப் பறவைகள் அனைத்திலும் பெரியது. அது ஒலியைத் திரட்டிக் காதுத் துளைகளுக்கு அனுப்புகிறது. அந்தத் துளைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அமைந்திருப்பதால், ஒலி இரண்டையும் சென்றடையும் சிறிய வேறுபாட்டைக் கொண்டு இரை இருக்கும் திசையையும் ஆழத்தையும் ஆந்தை கணிக்கிறது. சா-வெட் என்னும் சிறிய ஆந்தைகளை வைத்து நடத்தப்பட்ட ஆய்வொன்று, சுற்றுப்புற இரைச்சல் கூடக் கூட அவற்றின் வேட்டை வெற்றி குறைவதைக் காட்டியிருக்கிறது. பெரிய சாம்பல் ஆந்தை மட்டும் இதற்கு விலக்காக இருக்க முடியாது.

ஏறத்தாழ அரை மணி நேரம் அது அசையவில்லை. பிறகு முன்பக்கம் சாய்ந்து கிளையை விட்டு இறங்கி, பனிக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேலே சற்றும் ஓசையின்றி மிதந்து வந்து, ஓரிடத்துக்கு நேர்மேலே வந்ததும் சிறகடித்தபடி அந்தரத்தில் நின்றது. நான் இதற்கு முன் படித்து மட்டுமே அறிந்திருந்த அந்த நிற்றலைக் கண்ணால் பார்த்துவிட்டேன். பனிக்கு அடியிலிருந்து வரும் ஒலி, பனியைக் கடந்து காற்றில் நுழையும் இடத்தில் வளைகிறது. அதனால் பக்கவாட்டிலிருந்து கேட்கும் ஆந்தைக்கு எலி தான் இருக்கும் இடத்திலிருந்து விலகி வேறோரிடத்தில் இருப்பதாகத் தோன்றும். மானிட்டோபாவில் ஆந்தைகள் பாய்ந்த பனிக்குழிகளுக்கே சென்று, ஒலிபெருக்கியைப் பனிக்கு அடியில் புதைத்து அளந்த ஆய்வாளர்கள் 2022இல் இதை விளக்கினார்கள்: நேர்மேலே வந்து நிற்கும்போது இந்தப் பிழை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது; பனி உயர்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிட்டாலும் தாழ்ந்த அதிர்வெண்களைக் கடத்துகிறது; தாழ்ந்த ஒலிகளைப் பிடிப்பதற்கு இவ்வளவு பெரிய முகவட்டம் உதவுகிறது. நாங்கள் பார்த்த ஆந்தை இரண்டொரு நொடி அப்படி நின்று, கால்களை நீட்டி முகம் குப்புற விழுந்து, மார்பு வரை பனியில் புதைந்தது. எழுந்தபோது அலகில் ஒரு வோல் இருந்தது. அதை ஒரே விழுங்காக விழுங்கிவிட்டு மீண்டும் அதே டேமரேக்குக்குச் சென்றது.

பனி அரை மீட்டர் ஆழம் இருக்கும். அடியில் தரைக்கும் பனிக்கும் இடையே, மண்ணின் வெப்பத்தால் பனி இளகி உருவாகும் சிறிய வெளியில்தான் வோல்கள் வழியமைத்துக்கொண்டு குளிர்காலம் முழுவதும் நடமாடுகின்றன. வெளியே -27 டிகிரி இருந்தாலும் அங்கே உறைநிலையை ஒட்டிய வெப்பம் இருக்கும். அந்த மறைவிடத்தை மேலிருந்து கேட்டே கண்டுபிடிக்கும் பறவைகள் உலகில் மிகச் சிலவே.

மதியத்துக்கு மேல் வெயில் ஏறியதும் ஆந்தைகள் ஸ்புரூஸ் அடர்த்திக்குள் ஒதுங்கிக்கொண்டன. அந்த இடைவேளையில் தீனித்தட்டுகள் வைக்கப்பட்டிருக்கும் இடங்களில் கனடா ஜே, பைன் குரோஸ்பீக், போரியல் சிக்கடி ஆகிய பறவைகளைப் பார்த்தோம். மாலை நான்கு மணிக்கு மேல் ஆர்கோலா சாலையில் மீண்டும் சாம்பல் ஆந்தைகள் வெளிப்பட்டன. ஒரே பார்வையில் மூன்று கம்பங்களில் மூன்று ஆந்தைகள் தெரிந்த நேரமும் உண்டு. இவற்றில் சில இதே சதுப்பில் ஆண்டு முழுவதும் வாழ்ந்து குஞ்சு பொரிப்பவையாகவும் இருக்கலாம். பார்த்து வேறுபடுத்த வழியில்லை.

சனி, மெடோலேண்ட்ஸ் அருகே

இன்று காலை முதல் கடும் காற்று. காற்று வீசும் நாளில் காதால் வேட்டையாடும் ஆந்தை வெளியே வருவதில் பயனில்லை. நேற்றுப் பார்த்த அதே சாலைகளில் மணிக்கணக்காகச் சுற்றியும் சாம்பல் ஆந்தை ஒன்றுகூடத் தென்படவில்லை.

காற்று வல்லூறு ஆந்தையைத் தடுக்கவில்லை. வைக்கோல் வயல் ஒன்றின் நடுவே தனித்து நின்ற மரத்தின் உச்சிக் கொம்பில், நீண்ட வால் காற்றில் ஆட அது உட்கார்ந்திருந்தது. மார்பு முழுவதும் குறுக்குக் கோடுகள். முகத்தின் இரு பக்கமும் கரிய பட்டை. இது பகலில் கண்ணால் வேட்டையாடும் ஆந்தை. காதுகளும் பெரிய சாம்பல் ஆந்தையையும் போரியல் ஆந்தையையும்போல் அல்லாமல் வல்லூறுகளைப்போல் சமமாகவே அமைந்திருக்கின்றன. பார்வை எட்டும் தூரம் முழுவதும் அதன் களமாகையால் மரத்தின் மிக உயர்ந்த நுனியையே அது விரும்புகிறது. எங்கோ தொலைவில் எதையோ கண்டு, தாழ்வாக நேர்க்கோட்டில் பறந்து சென்று, திரும்பி வரும்போது கொண்டுவந்த எலியை ஒரு முறிந்த கிளையின் பொந்தில் செருகிவிட்டுப் போனது. உபரி இரையை இவ்வாறு சேமித்துவைக்கும் பழக்கம் இதற்கு உண்டு.

மாலையில் மெடோலேண்ட்ஸ் ஊருக்குத் திரும்பும் வழியில், சாலையோரப் பனிக்குவியலில் ஒரு பெரிய சாம்பல் ஆந்தை இறந்து கிடந்தது. ஒரு சிறகு மேல்நோக்கி விரிந்திருந்தது. பள்ளத்திலிருந்து எதிர்ப்பக்க மரத்துக்குச் செல்லும்போது இவை தரையை ஒட்டியே பறப்பதால், வண்டியின் முன்புறத்தில் நேராக வந்து மோதுகின்றன. 2004-05 குளிர்காலத்தில் இறந்து கண்டெடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான ஆந்தைகளில் மிகப் பல இப்படிச் சாலையில் மடிந்தவையே. ஆந்தைகளைச் சாலையோரத்துக்கு இழுக்கும் அதே புல் விளிம்புதான் அவற்றைக் கொல்லவும் செய்கிறது. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டத்தின்படி உதிர்ந்த இறகைக்கூட எடுத்து வைத்துக்கொள்ள இந்நாட்டில் அனுமதியில்லை; ஆகவே அதைத் தொடாமல், இடத்தைக் குறித்து மாநில இயற்கைவள அலுவலகத்துக்குத் தகவல் சொன்னோம். ஆந்தை பார்க்க வருகிறவர்களும் இந்தச் சாலைகளில்தான் ஓட்டுகிறோம். அந்தி வேளையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதற்கு எந்தக் காரணமும் கிடையாது என்பதை இன்று நானும் நண்பரும் பேசி முடிவுசெய்துகொண்டோம்.

ஞாயிறு, சுப்பீரியர் ஏரியின் வடகரை

போரியல் ஆந்தையைத் தேடி 61ஆம் நெடுஞ்சாலையில் டூ ஹார்பர்ஸ் ஊருக்கு அப்பால் சென்றோம். நீளத்தில் ஓர் அடியைத் தொடாத, ஏறத்தாழ 100 முதல் 200 கிராம் மட்டுமே எடையுள்ள இந்த ஆந்தை இயல்பில் முழு இரவுப் பறவை. பகலில் அடர்ந்த ஸ்புரூஸுக்குள் அடங்கியிருப்பதால் சாதாரண ஆண்டுகளில் இதைக் காண்பது மிக அரிது. பகலிலேயே வெளியில் தெரிகிறது என்றால் அது பசியால் வந்திருக்கிறது என்று பொருள்.

பசிக்குக் காரணம் எலியின்மை மட்டுமன்று. இடையில் ஒரு நாள் வெப்பம் ஏறியோ மழை பெய்தோ பனியின் மேற்பரப்பு இளகி, மறுபடியும் உறைந்தால் அதன் மேல் கெட்டியான ஓடு உருவாகிறது. ஒரு கிலோ எடையும் நீண்ட கால்களும் கொண்ட சாம்பல் ஆந்தை, மனிதனைத் தாங்கும் ஓட்டையும் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்துவிடும். போரியல் ஆந்தையால் முடியாது. அடியில் எலி ஓடும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும், எட்ட முடியாது. அப்போதுதான் அது வீடுகளின் பறவைத் தீனித்தட்டுகளுக்கு வருகிறது. கீழே சிந்திய விதைகளைத் தின்ன எலிகள் பனிக்கு மேலே வருமல்லவா!

காலை பதினொரு மணியளவில், ஏரியைப் பார்த்த ஒரு தோட்டத்தின் விளிம்பில், வீட்டுக்காரரின் அனுமதியோடு நாங்கள் சாலையில் நின்று பார்த்த போரியல் ஆந்தை அப்படி வந்ததுதான். கரிய விளிம்பிட்ட சாம்பல்நிற முகமும், நெற்றியில் நுண்ணிய வெள்ளைப் புள்ளிகளும் கொண்ட அது, கீழே கொட்டிக் கிடந்த சூரியகாந்தி விதைகளை நோக்கிக் கண்களைப் பாதி மூடியபடி இருந்தது. இடையிடையே முழுதாகத் திறந்து கேட்டது. இதன் காதுகளின் சமமின்மை மண்டையோட்டிலேயே தெரியும்படி அமைந்திருக்கிறது. உறைந்துபோன பழைய இரையைத் தின்ன வேண்டி வந்தால், முட்டையை அடைகாப்பதுபோல் அதன் மேல் உட்கார்ந்து உடல்சூட்டால் இளக்கித் தின்னும் பறவை இது.

சற்று நேரத்தில் பதினைந்து இருபது பேர் கூடிவிட்டார்கள். பெரும்பாலோர் அமைதியாகவே நின்றார்கள். ஒருவர் மட்டும் கடையில் வாங்கிய வெள்ளெலியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பனியில் விட முற்பட்டார். ஆந்தை பறந்து வரும் காட்சியைப் படம்பிடிக்க வேண்டுமாம். கூடியிருந்த மூத்த பெண்மணி ஒருவர் முன்வந்து, வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லி அதைத் தடுத்தார். பட்டினி கிடக்கும் பறவைக்கு உணவு தருவதில் என்ன தவறு என்று கேட்பவர்களுக்கு, நேற்றைய சாலையோரம் நான் கண்டதே விடை. மனிதனிடமிருந்து எலி கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட ஆந்தை, வண்டிகளை நோக்கியும் சாலையை நோக்கியும் பறக்கத் தொடங்கிவிடும். அரைமணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று நாங்கள் முன்பே தீர்மானித்திருந்தபடி விலகி வந்தோம். அந்த வீடு எந்த மைல்கல்லுக்கு அருகில் இருக்கிறது என்பதை நான் எழுதப்போவதில்லை. கேட்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

திங்கள், சுப்பீரியர் துறைமுகம்

பாலத்தைக் கடந்து விஸ்கான்சின் பக்கம் உள்ள சுப்பீரியர் நகருக்குச் சென்றோம். 1970களிலிருந்தே பனி ஆந்தைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்து வரும் இடம் இது. உறைந்த துறைமுகம், தானியக் கிடங்குகள், விமான நிலையத்தின் வெட்டவெளி ஆகியவை மரமற்ற துந்திர நிலத்தை ஒத்திருப்பதால் பனி ஆந்தை இங்கே தங்குகிறது. தொழிற்பகுதியின் மின்கம்பத்து உச்சியில் ஒன்று இருந்தது. உடலெங்கும் கரிய பட்டைகள் அடர்ந்திருந்ததால் இளம் பெண் பறவை என்று கொண்டோம்.

மற்ற ஆந்தைகளின் கதையை இதன்மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது. பனி ஆந்தைகள் பட்டினியால் தெற்கே வருகின்றன என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2013இல் கியூபெக்கின் வடபகுதியில் லெம்மிங் எலிகள் பெருகின. ஒரே கூட்டைச் சுற்றி 70 லெம்மிங்குகளும் 8 வோல்களும் இரையாகக் குவித்து வைக்கப்பட்டிருந்த புகைப்படம் அப்போது வெளிவந்தது. அக்கோடையில் பிழைத்து வளர்ந்த ஏராளமான இளம் பறவைகள் குளிர்காலத்தில் புளோரிடா வரையிலும் பெர்முடாத் தீவு வரையிலும் பரவின. அந்த டிசம்பரில் தொடங்கிய புராஜெக்ட் ஸ்னோஸ்டார்ம் என்னும் கூட்டு முயற்சியில் பறவைகளுக்குச் சூரிய ஆற்றலில் இயங்கும் கருவிகளைப் பூட்டிப் பின்தொடர்ந்தபோது, அவற்றில் பல நல்ல உடல்நிலையில் இருப்பதும், பெரிய ஏரிகளின் பனிக்கட்டி மேல் தங்கி இரவில் வாத்துகளை வேட்டையாடுவதும் தெரியவந்தன. ஆக, சாம்பல் ஆந்தை இங்கே இருப்பதற்கு வடக்கின் வறுமை காரணம். பனி ஆந்தை பெரும் எண்ணிக்கையில் வருவதற்கு வடக்கின் வளமே காரணம். ஆயினும் நெடுங்கால நோக்கில் பனி ஆந்தையின் நிலை கவலைக்குரியது. உலகில் அவை முன்பு எண்ணியதைவிட மிகக் குறைவாகவே இருப்பது தெரிந்து, 2017இல் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். வெப்பம் ஏறும் ஆர்க்டிக்கில் பனியின் தன்மை மாறும்போது, அதற்கு அடியில் வாழும் லெம்மிங்குகளின் பெருக்கமும் நம்பத்தக்கதாக இல்லாமல் போகிறது.

மதியம் வீடு திரும்ப வேண்டும். சாம்பல் ஆந்தைகள் மார்ச் மாதக் கடைசி வரை சதுப்பில் இருக்கும். பிறகு வடக்கே திரும்பத் தொடங்கும். வரும் புதன்கிழமை வெப்பநிலை உறைநிலைக்கு மேல் ஏறி மறுநாளே மீண்டும் வீழும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது. பனியின் மேல் ஓடு தடித்தால் வடகரையில் போரியல் ஆந்தைகள் இன்னும் மெலியும். தரையில் சோர்ந்து உட்கார்ந்து, அருகே சென்றாலும் பறக்காத ஆந்தையைக் காண்பவர்கள் அதற்குத் தீனியோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் வேண்டாம். விலகி நின்று, செயின்ட் பாலில் மினசோட்டா பல்கலைக்கழகம் 1974 முதல் நடத்திவரும் ராப்டர் சென்டருக்கோ அருகிலுள்ள உரிமம் பெற்ற மீட்பு நிலையத்துக்கோ தொலைபேசியில் இடத்தைச் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.